பாருன்னா படம்

பெரியவருக்கு மூன்று படம் போதும்.

இதை மருத்துவமனையின் வாசல் சுவரில் எழுதி வைக்காததுதான் பாக்கி. தொடை எலும்பு முறிந்து வருகிறவருக்கு, எலும்பின் உள்ளே நீளமான ராடு ஒன்றைச் செலுத்தி, அது அசையாமல் இருக்க மேலும் கீழும் ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நடுநடுவே எக்ஸ்ரே படம் எடுத்துத் திரையில் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வந்த டாக்டர்கள் ஐம்பது அறுபது படம் எடுப்பார்கள். கை தேறியவர்கள் முப்பது சொச்சத்தில் முடிப்பார்கள். அங்கே எல்லோருக்கும் மூத்த டாக்டரான பெரியவருக்கு மட்டும் மூன்று. ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று. அந்தக் கடைசிப் படம்கூட நோயாளியின் சொந்தக்காரர்களுக்குக் காட்டத்தான்.

இந்தத் தகவலுக்கு ஒரே ஆதாரம் பெரியவர்தான். ஆனால் அவர் அதைச் சொல்லும் குரலைக் கேட்டால், வேறு ஆதாரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடும்.

‘அனுபவமே கவசம்’ என்ற தலைப்பில் அவரிடம் ஒரு சொற்பொழிவு இருந்தது. எலும்பு டாக்டர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் அது போய் வந்தது. திரையில் முதலில் வருவது அவருடைய புகைப்படம். கடைசியில் வருவதும் அதேதான், கொஞ்சம் பெரிது. நடுவில் அவருடைய பேட்ஜ் அறிக்கைகள். எக்ஸ்ரேயோடு புழங்குகிற எல்லோரும் நெஞ்சில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பின்மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பினால் எண் வரும். பெரியவருக்குப் பதினான்கு வருடமாகப் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பூஜ்யமாக, முத்துமாலை மாதிரி கோத்துத் திரையில் தொங்கவிடுவார். கூட்டம் கைதட்டும்.

அந்தப் பேட்ஜ் அவருடைய அறையில், ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிய வெள்ளைக் கோட்டில், சோதனைக்குப் போய் வரும் நேரம் தவிர, குத்தியபடியே இருந்தது. அதைக் குத்திக்கொண்டு அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதாக யாருக்கும் நினைவில்லை. பதினான்கு வருடத்தில் அந்த ஜன்னலின்மேல் எந்த எக்ஸ்ரே கதிரும் விழவில்லை என்பதை விஞ்ஞானம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தால் வேறு உலகம். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே குளிர்தான். ஈயம் வைத்துத் தைத்த அங்கிகளை மாட்டிக்கொண்டு எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்களைப் போல மெதுவாக நகர்வார்கள். மயக்க மருந்துக் கருவி எல்லோருக்கும் சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். விளக்கைத் தணித்ததும் மூலையில் இருக்கும் திரை சாம்பல் நிறத்தில் கண்விழிக்கும். அதில் தொடை எலும்பு, பனிக்குள் நிற்கும் மரம் மாதிரி. மரத்துக்குள் ராடு. ராடின் அடியில் ஸ்குரூ போக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை முதலில் பிறையாகத் தெரியும். கருவியைக் கொஞ்சம் திருப்பினால் முட்டை. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் முழு நிலா. நிலா வட்டமாக வந்து நின்ற நொடியில் ட்ரில்லை அதன் நடுவில் வைத்துத் துளைக்க வேண்டும். எல்லோரும் அந்த நிலாவுக்காகத்தான் ஈயத்தைச் சுமந்துகொண்டு காத்திருப்பார்கள்.

நிலாவை வரவழைக்கிறவர் படக்காரர். எக்ஸ்ரே டெக்னீஷியன் என்பது அவருடைய அடையாள அட்டையில் இருந்த பெயர். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய கொக்கி மாதிரி வளைந்திருக்கும் சி-ஆர்ம் கருவியை அவர் தள்ளிக்கொண்டு வருவார். நோயாளியின் கால் அந்த வளைவுக்குள் கிடக்கும். படக்காரர் தன் பாதத்தால் பெடலை அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வரும், மஞ்சள் விளக்கு ஒன்று கண் சிமிட்டும், திரையில் படம் மாறும். அந்தச் சிமிட்டலுக்குள் கதிர் பாய்ந்து முடிந்திருக்கும். நடுவில் யார் கை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எலும்பு என்றால் அதற்கு எல்லாம் எலும்புதான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், படக்காரர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெரியவர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்த தியேட்டர்ல ஒரே சட்டம்தான். நான் ‘பாரு’ன்னா படம். வேற எந்தப் பேச்சும் உனக்கு இல்ல. புரியுதா?”

புரிந்தது. ஆனால் ‘பாரு’ இல்லாமல் பெரியவரால் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க முடியாது என்பது அன்றைக்குப் படக்காரருக்குத் தெரியாது.

“இங்க பாரு”, “இதப் பாரு”, “நான் சொல்றேன் பாரு”, “எப்படி இருக்கு பாரு”. மற்றவர்கள் மூச்சை உள்ளே இழுத்துப் பேச ஆரம்பிப்பார்கள். பெரியவர் ‘பாரு’வை வெளியே விட்டுப் பேச ஆரம்பிப்பார். முதல் மாதம் படக்காரர் தன் புத்தியை உபயோகித்தார். கதைக்கான பாருவையும் படத்துக்கான பாருவையும் குரலை வைத்துப் பிரித்துப் பார்த்தார். ஒருநாள் படத்துக்கான பாரு ஒன்று கதைக் குரலில் வந்துவிட்டது. பெடல் அழுத்தப்படவில்லை. பெரியவர் ட்ரில்லை நிறுத்தினார். தியேட்டரே நின்றது.

“எது படத்துக்கு, எது பேச்சுக்குன்னு முடிவு பண்ற அதிகாரத்தை உனக்கு யாருய்யா கொடுத்தா? பாருன்னா பாரு!”

டிக். டிக்.

அன்றிலிருந்து படக்காரர் புத்தியை அறைக்கு வெளியே, செருப்போடு சேர்த்து விட்டுவிட்டு வந்தார்.

பெரியவரின் மகள் எலும்பு டாக்டருக்குப் படித்து முடித்து, போன வருடம் அதே தியேட்டருக்கு வந்து சேர்ந்தாள். சின்ன டாக்டர் என்று பெயர் விழுந்தது. தியேட்டருக்குள் அவள் அப்பாவை ‘சார்’ என்பாள். படக்காரரை மட்டும் சிறுமியாக இருந்தபோது கூப்பிட்ட மாதிரியே ‘மாமா’ என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மேஜையில் ஒரு லாரி டிரைவரின் தொடை. எதிரெதிரே அப்பாவும் மகளும். பக்கத்தில், இருபது வருடமாகக் கத்தரியும் பேச்சும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் சிஸ்டர்.

“சிஸ்டர், போன வாரம் மாநாட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? இங்க பாரு...”

டிக்.

“...நான் பேசி முடிச்சதும் அத்தனை பேரும் எழுந்து நிக்கிறாங்க!”

“சாப்பாட்டு நேரமா இருந்திருக்கும் சார்,” என்றார் சிஸ்டர், ஊசியில் நூலைக் கோத்தபடி.

“அட அது இல்ல. பாரு, மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

டிக்.

சின்ன டாக்டர் மஞ்சள் விளக்கு சிமிட்டும் முன்னாலேயே கையை இழுத்துக்கொண்டிருந்தாள். எப்படியோ அவள் கையை எடுத்த பிறகுதான் டிக் கேட்டது. அப்பாவின் இடது ஆள்காட்டி விரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ட்ரில்லின் நுனி எலும்பைத் தொடும் இடத்தை அந்த விரலால் தொட்டுத்தான் அவர் உணர்வார். “என் எக்ஸ்ரே இதுதான்” என்று அந்த விரலை மேடையில் தூக்கிக் காட்டுவது சொற்பொழிவின் உச்ச கட்டம்.

“சார், கையை எடுத்துடுங்களேன்.”

“உன் வயசுல நானும் பயந்தேன். அனுபவம் வர வர பயம் போயிடும். எப்படிப் போகுது பாரு!”

டிக்.

திரையில் பிறை முட்டையாகி, முட்டை நிலாவாகியது. நிலாவின் ஓரத்தில் ஒரே விரலின் மூன்று எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன, கல்யாண போட்டோவில் சம்பந்தமில்லாமல் வந்து நிற்கிற ஆள் மாதிரி.

ஆபரேஷன் முடிந்து கை கழுவும்போது படக்காரர் அந்த விரலைப் பார்த்தார். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரி. போன மாதமும் அதே இடத்தில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. அதற்கு முந்தின மாதமும். எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தார். ஈய அங்கிகளைக் கோடைக்கு முன்னால் சோதனை போட்ட நாளில்கூட அது இருந்தது. ஏழு மாதம். படக்காரர் எதுவும் சொல்லவில்லை. வேற எந்தப் பேச்சும் அவருக்கு இல்லையே.

இப்படியே போயிருக்கும். போகவிடாமல் செய்தவர் பெரியவரேதான். மகள் பெயரில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. எதைப் பற்றி என்பதையும் அவரே முடிவு செய்தார். “அனுபவம் ஏற ஏற படம் குறையும். அதை நம்பர் போட்டுக் காட்டு. என் பேரைப் பெரிசாப் போட வேண்டாம், ஓரமா வந்தா போதும்.”

சி-ஆர்ம் எதையும் மறப்பதில்லை. எந்த நாள், எந்த ஆபரேஷன், யார் செய்தது, எத்தனை படம் என்று எல்லாம் அதன் நினைவில் இருக்கும். மகள் ஒரு வருடத்துத் தொடை எலும்பு ஆபரேஷன்களை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டி வகுத்தாள். புதியவர்களுக்குச் சராசரி ஐம்பத்தெட்டு. பத்து வருடம் கடந்தவர்களுக்கு முப்பத்து நாலு. அவளுக்கே நாற்பத்தொன்று. அப்பா சொன்னபடி அழகாக இறங்கிக்கொண்டே வந்த கோடு, கடைசியில் அப்பாவிடம் வந்ததும் செங்குத்தாக ஏறியது.

தொண்ணூற்று மூன்று.

மறுபடி கூட்டினாள். தொண்ணூற்று மூன்றேதான்.

மதியம் படக்காரரின் அறைக்குப் போனாள். அவர் ஈய அங்கிகளை மடிக்காமல் நீளவாக்கில் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மடித்தால் ஈயம் விரிசல் விடும்.

“மாமா, மெஷின்ல ஏதாவது கோளாறா?”

“மெஷின் நல்லாத்தான்மா இருக்கு.”

“அப்பா பேர்ல தொண்ணூத்து மூணு காட்டுது.”

“நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் சேர்த்துச் சராசரியா? அப்ப சரியாத்தான் இருக்கும். மாநாட்டுக்குப் போயிட்டு வந்த வாரம் நூத்தி இருபதைத் தாண்டும்.”

அவள் அவரையே பார்த்தாள். படக்காரர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஓர் ஃபோல்டரைத் திறந்தார். அதன் பெயர் ‘விரல்’. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். விதவிதமான தொடைகள், முழங்கால்கள், கணுக்கால்கள். பெயர்கள் எல்லாம் மறைத்திருந்தன. மரங்கள் மாறிக்கொண்டே இருந்தன; பனியின் ஓரத்தில் அதே விரல் நின்றுகொண்டே இருந்தது. பத்து வருடம், பதினொரு வருடம். கொஞ்ச நேரத்தில், ஒரே ஆள் ஏதோ ஒரு காட்டுக்குள் வழி தவறி அலைந்துகொண்டே இருப்பதைப் பார்ப்பது போல அவளுக்குத் தோன்றியது.

“அப்பாவா?”

“நடு எலும்புல சின்னதா ஒரு கோணல் இருக்கே, அதான் அடையாளம். முகத்தைவிட எனக்கு இது நல்லாத் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “பாருன்னா படம்னு சொன்னாரு. அவர் சொன்ன ஒவ்வொரு பாருவுக்கும் அழுத்தினேன். முதல் வருஷம் கோவத்துல அழுத்தினேன்மா. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கோவம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் தங்கிடுச்சு.”

“எங்க கையும் அங்கதானே மாமா இருந்துச்சு?”

“நீங்க கையை எடுக்கிற வரைக்கும் காத்திருந்துதான் அழுத்துவேன். நீங்க மட்டுமில்ல, யாரா இருந்தாலும்.”

“அப்பாவுக்கு?”

படக்காரர் எழுந்து போய், ஏற்கெனவே நேராகத் தொங்கிக்கொண்டிருந்த அங்கி ஒன்றை மறுபடி நேராக்கினார். “அந்த பிளாஸ்திரியை ஒரு தடவை அவிழ்த்துப் பாக்கச் சொல்லுங்கம்மா,” என்றார் முதுகைக் காட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவள் அந்தக் கோடு வரைந்த தாளை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கோடு இறங்கி வந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். ஏறியதைப் பார்த்து ஆட்டலை நிறுத்தினார்.

“மெஷின் தப்பு. இங்க பாரு, நான் இந்த வேலையில முப்பது வருஷம்...”

மகள் ஸ்பூனால் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாள். டிக்.

“என்னது?”

“ஒண்ணுமில்லப்பா. சொல்லுங்க.”

“பாரு, புதுசா வந்த பசங்களும் என் பேர்ல பண்றாங்க. அந்தக் கணக்கும் இதுல...”

டிக்.

“ஸ்பூனை வெச்சுட்டுப் பேசு. அந்தப் படக்காரரு இருக்காரு பாரு...”

டிக்.

“நான் பேசும்போது என்ன விளையாட்டு? நீயே சொல்லும்மா இவகிட்ட!” என்று மனைவியின் பக்கம் திரும்பினார். “எப்படி நடந்துக்கறா பாரு!”

டிக். இந்த முறை ஸ்பூன் மனைவியினுடையது. காரணம் அவளுக்குத் தெரியாது. ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்பது புரிந்துவிட்டது; முப்பது வருடமாக அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பெரியவர் வாயைத் திறந்தார். சொல் உதட்டு வரைக்கும் வந்து நின்றது. அதை அவரே கேட்டார். இந்த வீட்டில், இந்த மேஜையில், தன் வாயில் அந்தச் சொல் இருப்பதை முதல் தடவையாகக் கேட்டார். கை தானாகக் கீழே இறங்கியது. இடது கையின் ஆள்காட்டி விரல், பிளாஸ்திரியோடு, தொண்ணூற்று மூன்றின் பக்கத்தில் போய்க் கிடந்தது.

“அது பேப்பர் வெட்டினதுன்னுதானே சொன்னீங்க?” என்றாள் மனைவி. “ஏழு மாசமா ஒரு பேப்பர் வெட்டு ஆறலையா? நீங்க என்னிக்குப் பேப்பரைக் கையால தொட்டீங்க, யாராவது எழுதிக் கொடுத்தா கையெழுத்துதானே போடுவீங்க?”

பெரியவர் விரலை மடக்கி மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அன்று மதியத் தூக்கத்தில் பெரியவருக்கு ஒரு கனவு வந்தது. அகலமான தெருவில் நடந்துகொண்டிருந்தார். எல்லாம் சாம்பல் நிறம். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எலும்பாக வந்தார்கள், மரியாதையாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்கள். பெரியவருக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொருவரிடமும் முறிவு எங்கே என்று பார்த்தார். பார்த்த இடத்தில் முறிவு ஒன்று சேர்ந்தது. தெருக்கோடியில் நிலா இருந்தது. கோணலாக, பிறையாக. அதை நேராக்கினால் போதும் என்று தோன்றியது. கையை நீட்டினார். நீட்டிய கையில் நான்கு விரல்தான் இருந்தது. ஐந்தாவது இடத்தில் வெறும் பனி. “பாரு” என்றார். வெளிச்சம் வரவில்லை. “பாரு, பாரு” என்றார். தலை குனிந்து போன எலும்புகள் எல்லாம் திரும்பி நின்று அவரைப் பார்த்தன. அவ்வளவுதான், சும்மா பார்த்தன.

கண்விழித்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை மடியில் வைத்துப் பிளாஸ்திரியை மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். அடியில் தோல் கடினமாக, செதில் செதிலாக இருந்தது. நடுவில் ஆறாத ஒரு புள்ளி. நகத்தில் பழுப்பாக ஒரு கோடு.

“நாளைக்கே காட்டறோம்,” என்றாள். அவர் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அது ‘பாரு’வில்தான் ஆரம்பித்தது.

தோல் டாக்டருக்குப் பெரியவரின் வயதில் பாதிகூட இருக்காது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பத்து நாள். அந்தப் பத்து நாளும் பெரியவர் தியேட்டருக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்து, ஜன்னலோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவரிடம் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமில்லை. அந்த விரல் இல்லாமல் அவர் மேஜைக்கு முன்னால் நிற்க முடியாது. மேஜைக்கு முன்னால் நிற்காத அவரை அவருக்கே தெரியாது.

முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் ஆரம்பம், தோலோடு நிற்கிறது. வெட்டி எடுத்துவிட்டு, கையின் உள்பக்கத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம். விரல் மிஞ்சும்.

“எக்ஸ்ரேயாலதான் வந்துச்சா?” என்று கேட்டார் பெரியவர்.

“இருக்கலாம் சார். உறுதியாச் சொல்ல முடியாது. தெரியல.”

“நுனியில உணர்ச்சி திரும்ப வருமா?”

“தெரியல சார்.”

இரண்டு தடவை ‘தெரியல’. ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வெட்கப்படாமல், குரலைக்கூடத் தாழ்த்தாமல். அந்தப் பெண் அதைச் சொன்ன விதம் பெரியவரை விரலைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. வீடு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பல்லில் இடித்தது.

விரலில் தோல் ஒட்டி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். முதல் வேலையாகக் கொக்கியிலிருந்த கோட்டில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றினார். ஜன்னல் வெயிலில் கோட்டு மஞ்சளாகப் பழுத்திருந்தது. பேட்ஜ் இருந்த இடம் மட்டும், தீப்பெட்டி அளவுக்கு, புது வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேட்ஜைச் சட்டையில் குத்தி, மேலே ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எல்லோரும் தண்ணீருக்கு அடியில் காத்திருந்தார்கள். இன்னொரு தொடை. இன்னொரு மரம். பெரியவர் படக்காரருக்கு முன்னால் போய் நின்றார். பதினான்கு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

“அந்தச் சட்டத்தை மாத்தணும்,” என்றார். “படத்துக்கு வேற ஒரு வார்த்தை வேணும்.”

படக்காரர் தரையைப் பார்த்தார். “பேச்சுல வராத வார்த்தையா இருந்தா நல்லது சார்.”

“‘எடு’ன்னு வெச்சுக்கலாமா?”

“கத்தரியை எடு, நூலை எடுன்னு ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லுவீங்க,” என்றார் சிஸ்டர்.

“‘போடு’?”

“‘ஒரே போடு போட்டேன்’னு மாநாட்டுக் கதையில வருமே சார்.”

யோசித்தார்கள். ஒரு மனிதர் வாழ்நாளில் சொல்லவே சொல்லாத ஒரு சொல்லைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. மயக்க மருந்துக் கருவி நாலைந்து மூச்சு விட்டது.

“‘தெரியல’ன்னு வையுங்க,” என்றார் சிஸ்டர். ஊசியைத் தட்டில் வைத்தார். “இருபது வருஷமா பக்கத்துலயே நிக்கிறேன். உங்க வாயிலேர்ந்து அது வந்து நான் கேட்டதே இல்ல.”

 பெரியவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

“அர்த்தமும் சரியாத்தான் இருக்கு,” என்றார் கடைசியில். “உள்ள தெரியலைன்னாத்தானே படம்.”

ஆரம்பித்தார்கள். ராடு உள்ளே இறங்கியது. பாதி வழியில் பெரியவர் பழக்க தோஷத்தில் “சிஸ்டர், இங்க பாரு...” என்று ஆரம்பித்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. மஞ்சள் விளக்கு சிமிட்டவில்லை. அவருக்குக் கதை மறந்துபோனது. அப்போதுதான் புரிந்தது: இத்தனை வருடமும் அவர் வாய் திறந்த போதெல்லாம் ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது, ஒரு டிக் கேட்டிருக்கிறது. அந்தக் கைதட்டலுக்காகத்தான் பேசியிருக்கிறார். கைதட்டல் இல்லாத கதை என்ன கதை? அப்படியே விட்டுவிட்டார். தியேட்டரில் முதல் தடவையாக ட்ரில்லின் சத்தமும் மூச்சின் சத்தமும் மட்டும் கேட்டன.

அடி ஓட்டைக்கு வந்தார்கள். இடது ஆள்காட்டி விரலை ட்ரில்லின் நுனிக்கு அருகில் கொண்டுபோனார். தொட்டார். தொட்டதாகக் கண் சொன்னது. விரல் எதுவும் சொல்லவில்லை. ஒட்டிய தோல், அடுத்தவர் வீட்டுக் கதவு மாதிரி மூடியே இருந்தது. கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி தொட்டார். வெறும் பனி.

எல்லோரும் காத்திருந்தார்கள். படக்காரரின் பாதம் பெடலுக்கு மேலே, தொடாமல் நின்றது.

“தெரியல,” என்றார் பெரியவர்.

மெல்லிய குரல்தான். ஆனாலும் கேட்டது. படக்காரர் அழுத்தவில்லை.

“கையை எடுங்க சார்,” என்றார்.

பதினான்கு வருடத்தில் ஆபரேஷன் நடுவே படக்காரர் பேசிய முதல் வாக்கியம் அது. பெரியவர் கையை எடுத்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். டிக்.

பிறை. படக்காரர் கருவியைத் திருப்பினார். “தெரியல.” டிக். முட்டை. “தெரியல.” டிக். மூன்று படம் ஆகிவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. நாலாவது தடவை சொல்லும்போது அந்தச் சொல் பல்லில் இடிக்கவில்லை. ஏழாவது தடவை அது சொல்லாகவே இல்லை. மூச்சு மாதிரி வந்தது. நிலா வட்டமாக வந்து நின்றது. பெரியவர் ட்ரில்லை அதன் நடுவில் வைத்தார். எதன்மேல் வைத்திருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை. 

ட்ரில்லை எடுத்தார். திருப்பி, பிடியை மகள் பக்கமாக நீட்டினார்.

“நீ போடு.”

அவள் வாங்கிக்கொண்டாள். பெரியவர் மேஜையை விட்டு விலகி, படக்காரர் நிற்கும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். அந்த இடத்திலிருந்து அவர் தன் தியேட்டரைப் பார்த்ததே இல்லை. குளிர்ந்த வெளிச்சத்தில் நீல உடைகள் மெதுவாக அசைந்தன. யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இல்லாமலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. அது அவ்வளவு வலிக்கவும் இல்லை.

மகள் ட்ரில்லின் நுனியை வைத்தாள். விரலால் தொட்டாள். தலை நிமிராமல் நின்றாள்.

“என்னம்மா, தெரியுதா?” என்றார் தடுப்புக்குப் பின்னாலிருந்து.

“தெரியுதுப்பா,” என்றாள்.

தியேட்டருக்குள் அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்டதைச் சிஸ்டர் மட்டும் கவனித்தார். படக்காரர் பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார். கடைசியாக எடுத்த படம் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பனிக்குள் மரம். மரத்துக்குள் முழு நிலா. ஓரத்தில் யாருடைய விரலும் இல்லை.